இடக்கைக்கு ஏற்ற மடக்குக் கத்தி

அண்ணா,

நீ தூங்கும்போது டாக்டர் போன் செய்தார். "வெட்டு நரம்பு வரைக்கும் போகலைம்மா, தையல் பிரிச்சா விரல் பழையபடி மடங்கும்" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. நேற்று வாய்க்கு வந்தபடி திட்டியதெல்லாம் பயத்தில்தான்.

படகுத்துறை வேலைக்குப் புதுக் கத்தி வாங்க இன்றே கிளம்பிவிடாதே. நான் கடையில் விசாரித்துவிட்டேன். உன் பழைய கத்தியில் பூட்டே இல்லை. அதனால்தான் கயிறு அறுக்கும்போது விரல் மேலேயே மடங்கியிருக்கிறது. பிடிக்குள்ளே ஒரு தகடு வந்து கத்தியைத் தடுக்கிற பூட்டு வலக்கைக்காரர்களுக்குத்தான் தோது, உன் இடக்கைக்கு ஆகாது. மூடும்போது கட்டைவிரலும் கத்திக்கு நேரே நிற்கும். பிடியின் முதுகை அழுத்தி மூடுகிற பூட்டு எந்தக் கைக்கும் சரி. நீ ஆசைப்பட்ட எஃகில் கூர் நிற்குமாம், ஆனால் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்குமாம். துருப்பிடிக்காதது சீக்கிரம் மழுங்கும். மழுங்கட்டும், நான் தீட்டித் தருகிறேன்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. மதியம் நர்ஸ் வருவார், கதவைத் திற. விரல்கட்டு நனையாமல் பார்த்துக்கொள்.

பி.கு.: பழைய கத்தியைத் தேடாதே. குப்பையில் போட்டேன், வண்டியும் வந்து போய்விட்டது. திட்டுவதானால் சாயங்காலம் திட்டு. இன்றைக்கு எவ்வளவு திட்டினாலும் சிரித்துக்கொண்டே கேட்பேன்.