விசையைத் தட்டும் வரை

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்தான்: "இதை எழுதினது உங்க பொண்ணுதானுங்க."

போன மாதம் உன் அப்பா கூப்பிட்டார் என்று கருமத்தம்பட்டிக்குப் போனேன். உங்கள் தறிக்குடோன் ஆபீஸ் அப்படியே இருக்கிறது. கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பஞ்சுத் தூசி கொட்டியது. எண்ணெயும் பஞ்சும் கலந்த அந்த வாடையில் நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது. அழுகை வரவில்லை. களைப்பாக மட்டும் இருந்தது. இப்போதெல்லாம் உன்னை நினைத்தால் அப்படித்தான்.

நாம் கல்லூரி முடித்த வருடம். துணிக்கட்டை எடை போட்டுச் சீட்டு அடிக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராம் நின்றுபோனது. விற்றவர்கள் கடையையே மூடிவிட்டிருந்தார்கள். "நானே எழுதிப்போடறேன்" என்றாய். வீட்டில் உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் செய்து காட்டினால் அப்பா ஆபீஸை உன்னிடம் விட்டுவிடுவார், கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவார் என்று நம்பினாய்.

அத்தனை பழைய மெஷினில் ஓடக்கூடிய கம்பைலர் ஒன்றை, நாம் எழுதுவதை ஓடும் புரோகிராமாக மாற்றித் தருவதை, நெட்டில் தேடிப் பிடித்தாய். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியது. சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதுவரை, அதில் உருவாக்கும் ஒவ்வொரு புரோகிராமும் திறந்தவுடன் அவர் பெயரைக் காட்டும். ஒரு விசையைத் தட்டினால்தான் நகரும். பென் டிரைவ் செருக இடமில்லாத மெஷின் என்பதால் ஃப்ளாப்பிக்காக உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் அலைந்தோம். ஒரு கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, கண்காட்சி வைக்கறீங்களா?" என்றார்.

திரையில் 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் வரவைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. வந்ததும் நீ கத்தியது தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பதிவு செய்ய நீ அனுப்பிய மெயில் அப்படியே திரும்பி வந்தது. "ஆளு இருக்காரோ என்னவோ. பேரு வந்துட்டுப் போகட்டும் புள்ள" என்றாய்.

எல்லாம் முடிந்து அப்பாவை உட்கார வைத்தாய். அவர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "யாரு கண்ணு இந்தத் தொரை?" பதிலுக்குக் காத்திராமல் விசையைத் தட்டினார். எடை சரியாக வந்தது, சீட்டும் வந்தது. "பாரு, எங்கியோ உக்காந்துக்கிட்டு நம்ம தறிக்கு எழுதிப்போட்டிருக்காரு! நம்மூர்க்காரனுக்கு இந்த மூளை வருமா?"

"வராதுங்கப்பா" என்றாய் நீ.

நான் வாயைத் திறக்கப்போனேன். மேசைக்கடியில் என் கையை நசுக்கினாய். வெளியே வந்து, "அவரே கேக்கட்டும். நாஞ் சொல்லித்தான் அவருக்குத் தெரியோணுமா?" என்றாய்.

அவர் கேட்கவில்லை. அந்தத் தையில் உன்னை அவிநாசிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து செத்துப்போனாய்.

போன மாதம் கூப்பிட்டது, சீட்டில் அச்சாகும் போன் நம்பரை மாற்றத்தான். "தொரைகிட்டச் சொல்லி மாத்திக் குடு அம்மணி. நல்ல மனுசன், இத்தன வருசத்துல ஒரு நாள் நின்னதில்ல" என்றார்.

அன்று விட்ட வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து போய்த் தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். திரையைத் தொட்டுக் காட்டினார். பிறகு, "அப்ப அந்தப் பேரை எடுத்துப்போட்டு நம்ம புள்ள பேரை வையி."

அதை எடுக்க முடியாது என்று விளக்கினேன். மேசை இழுப்பறையில் கிடந்த ஃப்ளாப்பியிலிருந்து நீ எழுதியதைத் திறந்து, முதல் வரியாக உன் பெயரைச் சேர்த்தேன். அந்தக் கம்பைலரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. நீ தட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. ஆனாலும் எதற்குப் பின் எது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் போன் வந்தது. "அம்மணி, தொரை பேரு நிக்குது. நம்ம புள்ள பேரு நிக்கவே மாட்டீங்குது, வந்த வேகத்துல ஓடிப்போயிருது. நிக்கற மாதிரி பண்ணிக் குடு."

போய் மாற்றிக்கொடுத்தேன். இப்போது விசையைத் தட்டும் வரை உன் பெயர் நிற்கிறது. சில நாள் அவர் தட்டுவதில்லை. சீட்டைக் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.