தட்டினால் திட்ட வேண்டும்

போன ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டைப் பேருந்தில் போனபோது சேகோ ஆலையின் புளித்த வாடை உள்ளே வந்தது. வெளியே களத்தில் ஜவ்வரிசி வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ராணுவத்தின் மலையுச்சிப் பனி முகாமுக்குப் போனதும், தம்பி, நீ போனில் முதலில் சொன்னது அதைத்தான்: "நம்ம சேகோ களமாட்டவே இருக்குதுக்கா. அள்ளத்தான் ஆளில்ல."

ஊரார் போர்முனை என்றார்கள். நீ சொன்னதெல்லாம் தகரக் கொட்டகை, மண்ணெண்ணெய்ப் புகை, டின் சாப்பாடு, காத்திருப்பு. நீ லாரி மெக்கானிக். டீசல் உறைந்துவிடாமல் வண்டிகளைக் கிளப்பி வைப்பது உன் வேலை. எதிரி எப்படி இருப்பான் என்று கேட்டேன். "நான் பாத்ததே இல்லக்கா. குளுரத்தான் பாத்திருக்கறேன்" என்றாய்.

விடுப்பில் வந்தபோது ஒரு வழக்கத்தைச் சொன்னாய். அந்த உயரத்தில் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுவதுண்டு. அதனால் விழிப்பு வந்தவர் பக்கத்தில் படுத்திருப்பவரை ஒரு தட்டு தட்ட வேண்டும். திட்டினால் உயிரோடு இருக்கிறார். பஞ்சாபியிலும் ஒடியாவிலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாய். நீ எப்படித் திட்டுவாய் என்றேன். "அக்காகிட்டச் சொல்ற மாதிரி இல்ல" என்று சிரித்தாய்.

உன் உடலோடு வந்த ஒடியாக்காரர், ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னார். விடிகாலையில் தட்டினாராம். நீ திட்டவில்லை.

பிறகு ஊர் முனையில் ப்ளெக்ஸ் வைத்தார்கள். உன் கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் நெருப்பு. கூட்டத்தில் பேசியவர் நீ எதிரிகளை விரட்டியதாகச் சொன்னார். அந்தப் படத்தைப் பார்த்தே வளர்ந்த உன் மகள், பட்டம் வாங்கிய கையோடு ராணுவத் தேர்வில் தேறிவிட்டாள். உன் மனைவி போனில் அழுதாள். "நீங்க சொன்னாத்தான் அண்ணி கேப்பா. எப்படியாச்சும் நிறுத்திப் போடுங்க." அதற்காகத்தான் அந்தப் பேருந்தில் போனேன்.

எனக்கு உபதேசம் வராது. நீ சொன்னதையும் ஒடியாக்காரர் சொன்னதையும் உன் மகளிடம் அப்படியே சொன்னேன்.

"அப்பா சண்டையில சாகலீங்களா அத்தை?"

"இல்ல சாமி. தூக்கத்துல."

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். முகாமில் பெண்களுக்குத் தனிக் கொட்டகை உண்டா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

"இப்பவும் போறயா?"

"போறனுங்க அத்தை." குரலில் பழைய வேகம் இல்லை. தயக்கமும் இல்லை.

உன் மனைவியிடம், என்னால் நிறுத்த முடியவில்லை என்று சொன்னேன். அவள் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான்.

நெருப்பும் துப்பாக்கியும் பொய் என்று தெரிந்தே உன் மகள் போகிறாள். உங்களுக்குப் பயமா அத்தை என்று அவள் கேட்டபோது இல்லை என்றேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.