ஏரிக்கரையில் உங்களுக்குப் பார்த்த இடம்

என் பிரியமுள்ள அம்மாவுக்கு,

போன சனிக்கிழமை ஏரிக்குப் போய் வந்துவிட்டோம். நீங்கள் இல்லாமல். யாரிடம் சொன்னாலும், "நல்லது ரெஜி, மனசுக்கு ஆறுதலா இருந்திருக்கும்" என்கிறார்கள். ஆறுதலாக இல்லை, அம்மா. அதை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

முதலிலிருந்தே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத கொஞ்சம் இதில் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நீங்கள் வைத்திருந்ததும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கடுகண்ணாவையில் இருக்கும் நம் வீட்டுக்கு வந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீங்கள் போனை நீட்டினீர்கள். மலைக்கு நடுவே ஒரு ஏரி, கரையில் மஞ்சள் கூடாரம், அதன் வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். "இந்த மாதிரி ஒரு எடத்துல ஒரே ஒரு நாள் படுத்து எந்திரிக்கணும்" என்றீர்கள்.

உங்கள் மருமகன் அன்டனுக்குப் புரையேறிவிட்டது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். "அறுபத்திமூணு வயசுல டென்ட்டாம்மா? பாம்பு கீம்பு வந்தா என்ன செய்வீங்க?"

"பாம்புக்கு என்கிட்ட என்ன வேலை? அது பாட்டுக்குப் போயிரும்" என்று நீங்களும் சிரித்தீர்கள். பிறகு போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து தட்டுகளைக் கழுவப் போனீர்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் நீங்கள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானாவது எடுத்திருக்கக் கூடாதா?

வயிற்றுவலி வந்து பேராதனை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி மாதக் கணக்குத்தான் என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் வந்தேன்.

"என்ன சொன்னாங்க?"

"மருந்து மாத்துறாங்களாம்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி. அப்போ அந்த ஏரிக்கு எப்ப போறோம்?" என்றீர்கள்.

அன்றுதான் நான் முட்டாள்தனமாக அந்த யோசனையைச் சொன்னேன். டென்ட் எதுக்கும்மா, கண்டி ஏரியைப் பார்த்த மாதிரி நல்ல ஹோட்டல் ரூம் ஒன்று எடுக்கிறேன், மெத்தை, சுடுதண்ணி எல்லாம் இருக்கும் என்று. நீங்கள் என்மேல் கோபப்பட்டது மிகக் குறைவு. அன்று கோபப்பட்டீர்கள்.

"இருபத்தாறு வருசம் நான் அந்த ஏரியைப் பாத்த ரூமுங்கள்ளதான் நின்னேன். கர்ட்டனை இழுத்துவிடுவேன், ஏரி தெரியும். பெட்ஷீட்டை உதறுவேன், விரிப்பேன், அடுத்த ரூமுக்கு ஓடுவேன். ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கேனா? ரூமுக்குள்ள போனா என் கை சும்மா இருக்காது ரெஜி. கட்டிலே இல்லாத எடமா பாரு."

நீங்கள் ஹோட்டலில் வேலை செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன். ஆனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அறைகளுக்குள் நீங்கள் என்ன பார்த்தீர்கள், எதைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை?

இடம் தேட ஆரம்பித்தேன். கந்தோரில் வருடக்கணக்காகக் கோப்புகளைச் சரிபார்க்கிறவள் எப்படித் தேடுவாளோ அப்படித்தான் தேடினேன். வேன் கூடாரம் வரை போக வேண்டும். உட்காருகிற மாதிரி கழிப்பறை வேண்டும். ஆஸ்பத்திரி தூரமாக இருக்கக் கூடாது. அட்டை இருக்கக் கூடாது, காற்று அடிக்கக் கூடாது, படி இருக்கக் கூடாது. அன்டன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் விட்டு வந்ததும், லீவு போட்டுக்கொண்டு அவரோடு கிளம்புவேன்.

முதலில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு குளம். பைன் மரங்களுக்கு நடுவில் கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆனால் இறங்குகிற படியெல்லாம் உடைந்திருந்தது. திரும்பி வேனில் ஏறியபோது என் இரண்டு காலிலும் அட்டை. வேண்டாம் என்றேன்.

இரண்டாவது, தெல்தெனியப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் பண்டார என்ற பெரியவரின் காணி. அவரும் அவர் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். வீடு மேட்டில். அங்கிருந்து புல்வெளி சரிந்து சரிந்து தண்ணீரில் போய் முடிகிறது. எதிரே நக்கிள்ஸ் மலைகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே. பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் என் கண் சரிவைத்தான் அளந்தது. கழிப்பறை மேலே வீட்டோடு இருந்தது, அதுவும் குந்துகிறது.

"அம்மாவால இந்த மேடு ஏற முடியாது" என்றேன். அந்த மனிதர் சிங்களத்தில், "ஒரு வாரம் குடுங்க, நான் ஏதாவது செய்யுறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வார்டில் உங்களுக்குப் படங்களைக் காட்டினேன். பண்டாரவின் இடத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கி, அங்கே இங்கே நகர்த்தி, வெகுநேரம் பார்த்தீர்கள். "இந்தப் படத்தை எனக்கு அனுப்பி வை. இதுவே போதும்" என்றீர்கள்.

"பாத்ரூம் சரியில்லம்மா. கொஞ்சம் பொறுங்க, இன்னும் நல்லதா பாக்குறேன்."

"எனக்கென்ன வீடா வாங்கப் போற? ஒரு ராத்திரிதானே."

அன்டனும் சொன்னார். "இந்த ஞாயித்துக்கிழமையே போவோம். நான் மாமியைத் தூக்கிட்டு எறங்குறேன்." நான் அவரைச் சத்தம் போட்டேன். வழியில் ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அப்போது நீங்கள் கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை நடந்துகொண்டிருந்தீர்கள், அம்மா. போயிருக்கலாம்.

ரந்தெனிகலைப் பக்கம் ஒன்று பார்த்தேன். அங்கே தண்ணீர் குடிக்க யானை வருமாம். கடைசியில் கொத்மலையில் ஒன்று கிடைத்தது. சரிவுப் பாதை, கைப்பிடி, கழிப்பறை எல்லாம் நான் கேட்ட மாதிரியே. மூன்று வாரத்துக்கு நாள் இல்லை என்றார்கள். சரி என்று நாலாவது சனிக்கிழமைக்குப் பதிந்துவிட்டு, பெரிய காரியம் செய்தவள் மாதிரி வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் தலையைத் தடவினீர்கள்.

இப்போது உண்மையை எழுதுகிறேன். கழிப்பறையும் அட்டையும் காரணமே இல்லை. இடத்தை முடிவுசெய்தால் நாள் குறிக்க வேண்டும். போய்விட்டு வந்தால், அதற்கப்புறம் உங்களுக்கு ஆசைப்பட ஒன்றும் இருக்காது. தேடிக்கொண்டே இருந்தால் நீங்களும் இருப்பீர்கள் என்று நினைத்தேன். படித்தவள் இப்படியெல்லாம் நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை கஞ்சி கொண்டுவந்தேன். "இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்டீர்கள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "அப்போ இன்னும் ஒம்பது நாள் இருக்கு" என்றீர்கள். இரண்டு கரண்டி கஞ்சி குடித்தீர்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் அடக்கத்துக்கு ஹோட்டலில் உங்களோடு வேலை செய்தவர்கள் வந்திருந்தார்கள். சரோஜா அக்காவும் மெனிக்கே அக்காவும் வேலைச் சேலையோடே வந்து, அப்படியே வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. சரோஜா அக்கா உங்கள் பெட்டிக்குள் இருந்த வெள்ளைத் துணியின் ஓரங்களை இழுத்துச் சுருக்கம் எடுத்து, மூலைகளை மடித்துச் செருகினார். செருகி முடித்துவிட்டு, "நம்ம கை சும்மாவே இருக்காதே, மேரியக்கா" என்று சொல்லி அழுதார்.

கொத்மலைக்குப் போன் செய்து வரவில்லை என்றேன். ஏழு மாதம், ஏரி என்ற சொல் காதில் விழுந்தாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன்.

போன மாதம் உங்கள் போனில் இருக்கும் படங்களை எடுத்து வைக்கலாம் என்று அதைத் திறந்தேன். நீங்கள் கடைசியாகப் பேசிய எண்களில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நாலு தடவை பேசியிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில். யாராக இருக்கும் என்று அழுத்தினேன்.

இரண்டு தடவை மணி அடித்ததும் ஓர் ஆண்குரல் சந்தோஷமாக எடுத்தது. "அம்மா! இவ்வளவு நாளா ஆளையே காணோமே. எப்ப வாறீங்க?"

சிங்களத்தில்தான் பேசினார். பண்டார என்று எனக்கு உடனே புரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி நீங்கள் பார்த்தது மலையை அல்ல, வேலியில் இருந்த பலகையில் அவருடைய போன் நம்பரை. அவர் "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சொன்னேன். நான் மகள் பேசுகிறேன், அம்மா போய்விட்டார் என்று.

"நான் பாதை வெட்டி வச்சிருந்தேனே" என்றார்.

போன சனிக்கிழமை அந்தப் பாதையைப் பார்த்தேன். மேட்டிலிருந்து நேராக இறங்காமல் வளைத்து வளைத்து, கால் நோகாத மாதிரி வெட்டியிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க மூங்கில் கைப்பிடி. கூடாரம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே தகரம் அடித்து, உட்காருகிற கழிப்பறை. நீங்கள் முதல் தடவை பேசிய மறுநாளே ஆரம்பித்து எட்டு நாளில் முடித்தாராம். நான் கொத்மலை நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே எல்லாம் தயாராக இருந்திருக்கிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை, அம்மா? சொன்னால் நான் அங்கேயும் ஒரு குறை கண்டுபிடிப்பேன் என்றா?

பாதையில் இப்போது புல் முளைத்துவிட்டது. அன்டன் முன்னால் இறங்கினார். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். நீங்கள் காலை எங்கே வைத்திருப்பீர்கள், எங்கே நின்று மூச்சு வாங்கியிருப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டே.

கீழே போனதும் கூடாரத்துப் பையை அவிழ்க்க உட்கார்ந்தேன். பண்டாரவின் மனைவி வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார். "வேணாம் மகள். நீங்க உக்காருங்க. உங்கம்மா சொல்லியிருக்காங்க."

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். பண்டார தயங்கித் தயங்கிச் சொன்னார். கடைசித் தடவை பேசியபோது நீங்கள் சொன்னீர்களாம். "நான் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, என் மகள் ஒரு நாள் அங்க வருவா. வந்தா கூடாரத்தைக் கட்டுறேன், தேத்தண்ணி போடுறேன்னு நிப்பா. விடாதீங்க. ஒரு கதிரையைப் போட்டு உக்கார வைங்க. அவளும் என்னை மாதிரிதான். உக்காரத் தெரியாது."

வராட்டியும் சரி. அப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டார்கள். உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் அன்டனும் அவர்களும் முளை அடிக்கும் சத்தம் கேட்டது. எழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வெயில் மலைக்குமேல் ஏறிப்போனது. தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. பண்டாரவின் மனைவி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலையில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வரும் என்று நீங்கள் அவரிடம் கேட்டீர்களாமே. பார்த்துவிட்டேன். கூடாரத்துக்கு வலது பக்கம், இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்திலிருந்து வருகிறது. முதலில் எதிர்க்கரை மரங்களின் உச்சி, பிறகு தண்ணீர்மேல் நிற்கிற பனிப்புகார், பிறகுதான் நம் கால். ஒருவர் சின்னத் தோணியில் வலையை எடுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதைப் பார்க்க நீங்கள் எழுந்து நடக்கவேண்டிய தேவைகூட இல்லை. படுத்த இடத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

என்னை மன்னித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். எனக்கு இன்னும் முடியவில்லை.

திரும்பும் வழியில் கண்டியில், உங்கள் ஹோட்டலின் பின்வாசலில் அன்டனை வேனை நிறுத்தச் சொன்னேன். சரோஜா அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். ஏரியைப் பற்றிச் சொன்னேன். "நீங்களும் மெனிக்கே அக்காவும் வருவீங்களா?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஒரே நாளையில லீவு தரமாட்டாங்களே புள்ள" என்றார். வேனுக்குள் இருந்த கூடாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இரு, நான் உள்ள போயி கேட்டுட்டு வாறேன்." அரைமணி நேரம் கழித்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "வார பொதன்கெழம. ரெண்டு பேருக்கும். அன்னைக்கே போவோமா ரெஜி? உனக்கு வேலை இருக்குமே?"

மழை வருமா என்று பார்க்கவில்லை. கந்தோரில் கேட்கவில்லை. "போவோம்க்கா" என்றேன்.

ஆகவே புதன்கிழமை போகிறோம், அம்மா. உங்களுக்கு ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு துணியைக்கூட மடிக்க நான் விடமாட்டேன். கிழக்கே பார்த்து மூன்று கதிரை போடச் சொல்லியிருக்கிறேன். வெளிச்சம் எங்கள் கால் வரைக்கும் வரும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

இப்படிக்கு,
இப்போதுதான் உட்காரப் பழகுகிற உங்கள் மகள்,
ரெஜி