ஒளிரக் கூடாத ரத்தம்

மார்ச் 4
புதுச் சாயம் தயார். ரத்தப் புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் இந்தச் சாயத்தை ஒட்டியிருக்கிறேன். நோய் இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும், இல்லாவிட்டால் இருட்டு. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் வேண்டுமே! ஆய்வகத்தில் ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். தம்பியைத்தான் இழுத்து வந்தேன். "குத்துறதுக்கு நான்தான் கிடைச்சேனா? உள்ள டீதான்க்கா ஓடுது" என்றான். தடியன்.

மார்ச் 6
நோயாளியின் ரத்தம் ஒளிர்ந்தது. தம்பியுடையதும்! சே, ஒட்டாமல் மிஞ்சிய சாயத்தைச் சரியாக வடிகட்டியிருக்க மாட்டேன். அது கண்ட இடத்தில் அப்பிக்கொண்டு மானத்தை வாங்கும். "பொறுமையே கிடையாது உனக்கு" என்றார் ஆய்வகத்தை நடத்தும் மேடம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மார்ச் 9
மறுபடி முதலிலிருந்து. வெளிச்சத்தில் சாயம் மங்காமலிருக்க விளக்கை அணைத்து, குழாயை அலுமினியத் தாளில் சுற்றி, சாயத்தைக் கலந்து, இரண்டு முறை வடிகட்டினேன். தம்பியிடம் மறுபடி ரத்தம் எடுத்தேன். "உனக்குக் கொசுவே தேவலை" என்றான்.
ஒளிர்கிறது. எல்லாச் செல்லும் இல்லை, அங்கங்கே சில. மிஞ்சிய சாயம் என்றால் எல்லாமே பூசினாற்போல அல்லவா தெரிய வேண்டும்?

மார்ச் 10
என் விரலையே குத்திக்கொண்டேன். அதே சாயம், என் ரத்தம். கும்மிருட்டு.
நான் செய்தது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் — இதற்கெல்லாமா ஒருத்தி வேண்டுவாள்? தம்பியின் ரத்தத்தை மேடமிடம் காட்டினேன். திட்டட்டும் என்று நின்றேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரோட ரத்தம் இது?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 11
சாப்பிட உட்கார்ந்தவனிடம், "ஆஸ்பத்திரியில ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்டா" என்றேன். காரணத்தையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "கொஞ்ச நாளா களைப்பாத்தான் இருக்கு. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்." பாவி, ஏன்டா வாயைத் திறக்கல? அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

மார்ச் 17
ரிப்போர்ட் வந்துவிட்டது. அதேதான்.

மார்ச் 23
இன்று முதல் மருந்து ஏற்றினார்கள். வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எத்தனை தடவ சாயம் சொதப்பிடுச்சுன்னு அழுதுகிட்டு வந்திருக்க... இந்தத் தடவையும் சொதப்பியிருக்கக் கூடாதாக்கா?"
அதைத்தான்டா நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
வாந்திப் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கழுவி வைத்தேன்.