மூன்றாம் பக்கம், ஆறாவது பத்தி

மார்ச் 4, 2025

உறையூரிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்தேன். இன்றைக்கும் தேர்வு அறை மேற்பார்வை, கால் விட்டுப்போய்விட்டது. லேப்டாப்பைத் திறந்தால் தேசிக்கின் மெயில். விவாகரத்து மனுவின் வரைவு. “படிச்சுட்டு சரின்னு சொல்லு. கையெழுத்துப் போட வரேன்.” எட்டு வருடக் கல்யாணத்துக்கு இவ்வளவுதான்.

ஃபைல் ஒரே கோணல்மாணல். எழுத்து மாறி, வரிகள் இறங்கி, என் பெயர் மட்டும் அடுத்த பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது. அங்கங்கே கலர் கலராகக் கோடுகள். படிக்காமல் இருக்க ஒரு சாக்கு கிடைத்ததே என்று போன் செய்தேன்.

“எனக்கு சரியாத்தானே தெரியறது? உன் ஓசி சாஃப்ட்வேர்ல அப்படித்தான் இருக்கும்.”

ஓசி! இதை என் லேப்டாப்பில் போட்டவரே அவர்தான். நம் எழுத்தை ஒரு கம்பெனியின் பூட்டுக்குள் வைக்கலாமா என்று கல்யாணமான புதிதில் எவ்வளவு பிரசங்கம்! பெங்களூர் வேலை வந்ததும் கொள்கை போன இடம் தெரியவில்லை. நான்தான் அசடு மாதிரி இன்னும் அதையே கட்டிக்கொண்டு அழுகிறேன்.

மார்ச் 5

பி.டி.எஃப் அனுப்புகிறேன் என்றார். வரவில்லை.

மார்ச் 6

கம்ப்யூட்டர் டீச்சர் ஃபெமினாவிடம் பொதுவாகக் கேட்டேன். என்ன ஃபைல் என்று சொல்லவில்லை.

“ஃபைல் கெடலை டீச்சர். திருத்தினதை எல்லாம் அது காட்டுது. அனுப்புனவங்க சாஃப்ட்வேர்ல மறைச்சு வச்சிருப்பாங்க. கண்ணுக்குத் தெரியலைன்னா போயிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க.”

மார்ச் 8

அப்பா சாயங்காலம் கோவிலுக்குப் போனதும் திறந்தேன். பெருமாளைச் சேவிக்காமல் ஒரு நாளும் இருக்கமாட்டார். ஒரு மணி நேரம் யாரும் வரமாட்டார்கள்.

மூன்றாம் பக்கம், ஆறாவது பத்தி. “என் தாயார் இறந்த அன்று, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி இரண்டாம் மனுதாரரை வேலைக்கு அனுப்பியது நான்தான். தாயாரைத் தனியே விட்டு வெளியே போனதும் நான்தான்.”

முதல் மனுதாரர் தேசிக். இரண்டாம் மனுதாரர் நான்.

ஓரத்தில் வக்கீல் இன்னாசிராஜின் குறிப்பு: “இது இருக்கட்டுமா? சட்டப்படி அவசியமில்லை. உங்கள் விருப்பம்.”

அந்த இரண்டு வாக்கியத்தின் மேலும் கோடு. கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்தால் பெயர் வருகிறது. நீக்கியவர் - தேசிக்.

மூன்று வருடம். மாமியார் காரியத்தின் பத்தாம் நாள் கூடத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, “மாதுரி ஸ்கூலுக்குப் போயிட்டா, ஆத்துல யாருமில்லே” என்றாரே, அன்றிலிருந்து இந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன்? என் அப்பாகூட, “நீ அன்னிக்கு லீவு போட்டிருக்கலாம்மா” என்றார். ஒரு தடவைதான் சொன்னார். அது போதாதா?

எழுதத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் அழிச்சேள் தேசிக்? யார் கேட்டா அழிக்கச் சொல்லி?

மார்ச் 9

மற்ற திருத்தங்களை எல்லாம் ஏற்றேன். அந்த ஒரு நீக்கத்தை மட்டும் நிராகரித்தேன். கோடு போய் வாக்கியம் கறுப்பாக நின்றது. சேமிக்கும்போது எந்த வடிவத்தில் என்று கேட்டது. அவருடையதிலேயே என்று அழுத்தினேன். எட்டு வருடப் பழக்கம், விடுமா?

“இது இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன்” என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 10

பதில் இல்லை.

மார்ச் 12

“அதை நீ பார்த்திருக்கக் கூடாது. கோர்ட்டுக்கு இதெல்லாம் வேண்டாம் மாது. ப்ளீஸ். பி.டி.எஃப் இணைச்சிருக்கேன். எதுல திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும்.”

திறந்தேன். ஒரே மாதிரிதான் தெரிகிறது. மூன்றாம் பக்கத்தில் ஐந்தாவது பத்திக்கு அப்புறம் வேறு ஏதோ ஆறாவது பத்தி. “கருத்து வேறுபாடுகள் காரணமாக.”

மார்ச் 15

சண்டை போடலாம். போட்டு? கேட்டு வாங்கி வைத்த வாக்கியம் எனக்கு எதற்கு?

மார்ச் 22

வக்கீல் ஆபீஸில் கையெழுத்து முடிந்தது. “திருத்தம் ஏதாவது இருக்காங்கம்மா?” என்று இன்னாசிராஜ் கேட்டார். தேசிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றேன்.

படியிறங்கும்போது பின்னாலேயே வந்தார். இளைத்திருக்கிறார். “அந்தப் பழைய ஃபைலை அழிச்சுடு மாது.”

“சரி.”

அழிக்கவில்லை. அழிக்கவும் போவதில்லை. பிரிண்ட் எடுக்கும் கடைக் கம்ப்யூட்டரில் கோடு மறைந்துவிடக் கூடாதே என்று அவர் அனுப்பிய அந்த முதல் ஃபைலைக் காலையிலேயே கோட்டோடு பி.டி.எஃப் ஆக்கிக்கொண்டு போயிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மூன்றாம் பக்கத்தை மட்டும் கலர் பிரிண்ட் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“அடிச்சிருக்கானே?”

“எழுதினதும் அவர்தாம்பா.”

அப்பா இன்று சாயங்காலம் கோவிலுக்குப் போகவில்லை.