கிருமி உதிர்க்கும் பைகள்

கோவில்பட்டி,
21.11.2004

பிரியமுள்ள உமாவுக்கு,

நந்தகோபால் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் எதையும் சொல்ல முடியவில்லை. உன் குரலைக் கேட்டதும், அங்கே குளிர் அதிகமா என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. நாகலாபுரம் காட்டில் உளுந்தும் பருத்தியும் நன்றாக வந்திருக்கின்றன. அச்சகத்தில்தான் ஈரக்காற்றால் தொல்லை. தீப்பெட்டி லேபிள்கள் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

நார்வே ஆராய்ச்சிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளை தேறும் வரை உனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தேன்.

நம் அச்சகத்தில் லேபிள் வெட்டுகிற சீனித்தாயை உனக்குத் தெரியும். அவள் மகள் காளீஸ்வரி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். புரட்டாசியில் ஒருநாள், காய்ச்சல் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் அச்சகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள். காகிதக் கட்டுகளின் மேல் சுருண்டு கிடந்த பிள்ளை மதியம் வாந்தி எடுத்தது. கழுத்தை வளைக்க முடியவில்லை என்று அழுதது. காலில் சிவப்பாகப் புள்ளிகள். நீ எழுதியிருந்தபடி ஒரு கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்திப் பார்த்தேன். புள்ளிகள் மறையவில்லை. மூளைச்சவ்வுக் காய்ச்சலில் நம் பிள்ளை ஹரியின் காலில் பார்த்த அதே புள்ளிகள், உமா.

மாத்திரை கொடுத்திருக்கிறேன், சாயங்காலம் சரியாகிவிடும் என்றாள் சீனித்தாய். நான் கேட்கவில்லை. பஜார் டாக்டரிடம் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, வேன் பிடித்துப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் ஊசி போட்டார்கள். அதன் பிறகுதான் பிள்ளை மோசமானது. கைகால் சில்லிட்டுப்போய், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

"ஊசிதான் போட்டாச்சே அண்ணாச்சி. பெறகும் ஏன் இப்படிக் கெடக்கா?" என்று சீனித்தாய் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஹரி கிடந்தபோது நீயும் இதைத்தான் கேட்டாய். அன்று நமக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. கல்லூரியில் கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்திய உனக்கே தெரியவில்லை. அதைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போனாய். இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. நீ எழுதியதைத்தான் சொன்னேன்.

"கிருமி சாகுது சீனித்தாயி. ஆனா அது உசுரோட இருக்கும்போதே தன் மேல்தோலைக் கண்ணுக்குத் தெரியாத பையா உதிர்த்துக்கிட்டே இருந்திருக்கு. அந்தப் பையில வெஷம். மருந்து கிருமியைத்தான் கொல்லும். பையெல்லாம் ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்கும். ஒடம்பு அதையும் கிருமின்னு நெனச்சு அடிக்குது. அந்த அடியிலதான் பிள்ளை வாடுது."

அவள் என் சட்டையை விட்டாள். "அப்ப எம்பிள்ளை சண்டை போட்டுக்கிட்டுத்தான் கெடக்கா" என்றாள். ஆமாம் என்றேன். அதை ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னால் வார்டுக்குள் போக முடியவில்லை. அங்கே ஹரி கிடந்தது எந்தக் கட்டில் என்று எனக்குத் தெரியும்.

காளீஸ்வரி பிழைத்துவிட்டாள். இடது காது கேட்கவில்லை. கால்விரல் ஒன்று கறுத்துப்போய், எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இப்போது பள்ளிக்குப் போகிறாள். யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறாள். கூட இருந்த எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், பயப்படாதே.

அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டுப் பரீட்சை வேலைக்குப் போனாள் என்று அம்மா உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நான் சொல்வதைக் கேட்டபடியே முறத்தில் உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "ஊசி போட்டும் போயிட்டாம்னா, அவ வீட்டுல இருந்திருந்தாலும்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. மறுநாள் காலையில் காப்பி கொடுக்கும்போது, "அவளுக்கு அங்கன நல்ல சோறு கெடைக்குதாலே?" என்று கேட்டாள். ஹரி போனபின் அவள் உன்னைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பைகளிலேயே விஷத்தைக் குறைத்துத் தடுப்பூசி செய்கிறோம், உடம்பு அதைப் பார்த்து உண்மையான கிருமியை முன்கூட்டியே அடையாளம் கண்டுகொள்கிறது என்று எழுதியிருந்தாய். அன்று பாதிதான் புரிந்தது. இப்போது முழுக்கப் புரிகிறது. புதுச் சோதனை முடிய இரண்டு வருஷம் ஆகும் என்றால் இரு, உமா. பாதியில் விட்டுவிட்டு வராதே. யாரோ ஒரு பிள்ளை ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சலே வராமல் பள்ளிக்குப் போகட்டும்.

ஆனால் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. மழைக்குளிரிலும் ஃபேனை ஓடவிடுகிறேன், சத்தத்துக்காக. காளீஸ்வரி கழிவு லேபிள்களை அடுக்கி விளையாடும்போது மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு நாற்பது நெருங்குகிறது. உனக்கும் முப்பத்தைந்து முடியப்போகிறது. இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு லீவு தருவார்களா என்று மட்டும் கேட்டுப் பார். கொஞ்ச நாள் போதும். மதுரை விமான நிலையத்தில் வந்து நிற்பேன். அம்மாவும் கூட வாரேன் என்கிறாள்.

செண்பகவல்லி அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன்,
நந்தகோபால்