தோற்றதும் போகலாம்

என் கோல் மன்னனுக்கு,

அரையிறுதிக்கு வந்துவிட்டீர்கள். தெருவே என்னை ‘கோல் போட்டவன் அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாமல் இருக்க வேண்டும்தான்.

உன் மாமா நன்றாகத்தான் இருக்கிறார். இரண்டாம் சுற்றில் எவனோ முழங்காலால் தலையில் இடித்ததிலிருந்து வெளிச்சம்தான் கண்ணுக்கு ஆகவில்லை. பகலிலும் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுகிறார். கோல்கீப்பர் கையுறையைக் கையில் மாட்டிக்கொண்டே அதை வீடெல்லாம் தேடுகிறார்.

டாக்டரிடம் போகலாம் என்றால், “கோப்பையில தோத்து வெளிய வந்ததும் போலாம். இப்ப போனா டீம்லேருந்து தூக்கிடுவாங்க” என்கிறார். பயிற்சியாளரிடம் நான் வாய் திறந்தால் என் முகத்திலேயே விழிக்க மாட்டாராம்.

உன்னிடம் சொன்னேன். “அவர் இல்லாம ஜெயிக்க முடியாதுக்கா. இந்த ஒரு மேட்ச் மட்டும்” என்றாய். அதிலும் ஜெயித்துத் தொலைத்தீர்கள்.

நேற்று முற்றத்தில் சின்னவள் பந்தை மெதுவாக அவருக்கு இடப்பக்கம் உருட்டினாள். அவர் வலப்பக்கம் பாய்ந்து விழுந்தார். வெறுங்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “பிடிச்சிட்டேன், பாத்தியா?” என்றார். அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பந்து சுவரோரம் கிடந்தது. அவர் கையை விரிக்கவே இல்லை.

சின்ன வயதிலிருந்து நீ கேட்டதற்கு நான் இல்லை என்று சொன்னதில்லை. இப்போது நான் கேட்கிறேன். சனிக்கிழமை, கோல் வாசலில் பந்து உன் காலுக்கு வந்தால், உதைப்பதற்கு முன் அக்காவை ஒருமுறை நினைத்துக்கொள்.

உன் தோல்விக்காகக் காத்திருக்கும்,
அக்கா